லீபர் பார்வை நரம்பு நோய்: பிறழ்வு இருப்பவர் எதை விட வேண்டும், எதைச் சாப்பிட வேண்டும்?

உங்கள் தாய்மாமாவுக்கு 22 வயதில் இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போனது. காரணம் அப்போது யாருக்கும் பிடிபடவில்லை. இப்போது உங்கள் அண்ணனுக்கும் அப்படியே ஆகி, ரத்தப் பரிசோதனையில் லீபர் நோய், 11778 பிறழ்வு (மரபணுவில் பிறவியிலேயே வரும் ஒரு மாற்றம்) என்று வந்திருக்கிறது. உங்களுக்கு 19 வயது, பார்வையில் குறையில்லை. எதை விட வேண்டும், எதைச் சாப்பிட வேண்டும், எப்படி இருந்தால் வராமல் இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வரவே வராது என்று உறுதி தரும் வழி எதுவும் இன்று இல்லை. ஆனால் வரும் வாய்ப்பைக் கூட்டுபவை எவை என்பது ஓரளவு தெரிந்திருக்கிறது. அவற்றில் முதலிடம் புகைக்கு. இரண்டாவது இடம் அளவு மீறிய குடிக்கு. அதற்குப் பிறகுதான் சில மருந்துகள், சில ரசாயனங்கள், சத்துக் குறைபாடு எல்லாம் வருகின்றன. பல பட்டியல்கள் இவை அத்தனையையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதால், படிப்பவர் எல்லாவற்றுக்கும் பயந்துவிட்டு, கட்டாயம் விட வேண்டிய ஒன்றை மட்டும் விடாமல் இருந்துவிடுகிறார். அதனால் இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இந்த நோயை 1871-இல் தியோடர் லீபர் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் விவரித்தார். 11778 என்ற இடத்தில் இருக்கும் பிறழ்வை 1988-இல் டக்ளஸ் வாலஸின் குழு கண்டுபிடித்தது. 11778, 3460, 14484 என்ற மூன்று இடங்களில் ஒன்றில்தான் பெரும்பாலான நோயாளிகளுக்குக் கோளாறு இருக்கும். இவை மைட்டோகாண்ட்ரியாவின் (செல்லுக்குள் ஆற்றல் உண்டாக்கும் சிறு உறுப்பின்) டி.என்.ஏ.வில் இருப்பவை, அது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும். உங்கள் அம்மாவிடம் இருக்கிறது என்றால் உங்களிடமும் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம், பரிசோதனை அதை உறுதி செய்யும்.

பிறழ்வு இருக்கும் எல்லோருக்கும் பார்வை போவதில்லை. நோய் தெரிந்த குடும்பங்களை மட்டும் வைத்துப் போட்ட பழைய கணக்கு, ஆண்களில் பாதிப்பேர், பெண்களில் பத்தில் ஒருவர் என்று சொன்னது. 2021-இல் ஆஸ்திரேலியாவின் குடும்பங்களை விரிவாகத் தேடி எடுத்துப் பார்த்தபோது ஆண்களில் 17.5 சதவீதம், பெண்களில் 5.4 சதவீதம் என்றுதான் வந்தது. ஒரே பிறழ்வை வைத்துக்கொண்டு தாய்மாமாவுக்குப் போன பார்வை உங்கள் அம்மாவுக்குப் போகாமல் இருப்பதும் இதனால்தான். மிச்சத்தைத் தீர்மானிப்பதில் பாலினம், மற்ற மரபணுக்கள், வாழும் சூழல் மூன்றுக்கும் பங்கு உண்டு. நம் கையில் இருப்பது மூன்றாவது மட்டும்.

புகை ஏன் இவ்வளவு கெடுதல் என்று புரிந்துகொண்டால் மற்றவை தானாகப் புரியும். செல்லுக்குள் ஆற்றல் உண்டாவது ஒரு தொடர் வேலை; எலக்ட்ரான்கள் முதல் கட்டத்திலிருந்து நான்காம் கட்டம் வரை கைமாறிப் போக வேண்டும். லீபர் பிறழ்வுகள் மூன்றுமே முதல் கட்டத்தைத் தளர்த்துகின்றன. அங்கே ஆற்றல் குறைவதோடு, சிந்தும் எலக்ட்ரான்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து செல்லை அரிக்கும் பொருள்களாகவும் மாறுகின்றன. உடம்பின் எல்லாச் செல்லிலும் பிறழ்வு இருந்தும் கண் மட்டும் அடிபடுவதற்குக் காரணம் விழித்திரை நரம்பிழைகளின் அமைப்பு. கண்ணை விட்டு வெளியேறும் வரை அந்த இழைகளுக்கு மயலின் என்ற கொழுப்பு உறை கிடையாது. உறை இல்லாத இழையில் சமிக்ஞை கடத்த ஆற்றல் அதிகம் வேண்டும். அவற்றிலும் நடுப்பார்வைக்கான இழைகள்தான் எல்லாவற்றையும்விட மெல்லியவை. தட்டுப்பாடு வந்தால் முதலில் சாவது அவைதான். வாசிப்பும் முகம் அறிவதும் நிறமும் போய், ஓரப்பார்வை நிற்பது அதனால்.

இப்போது சிகரெட்டுப் புகையைப் பாருங்கள். அதில் கார்பன் மோனாக்சைடும் சயனைடும் உண்டு. இரண்டும் தாக்குவது நான்காம் கட்டத்தை. முதல் கட்டம் பிறவியிலேயே தளர்வு, நான்காம் கட்டத்தில் ஒவ்வொரு இழுப்புக்கும் அடைப்பு. போதாததற்கு கார்பன் மோனாக்சைடு ரத்தம் சுமக்கும் ஆக்சிஜனையும் குறைக்கிறது. பார்வை போகாமல் இருக்கும் பிறழ்வாளர்களின் செல்களில் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வின் எண்ணிக்கை கூடுதலாக இருப்பதை இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். தரம் குறைந்ததை எண்ணிக்கையால் உடம்பு ஈடுகட்டுகிறது. புகை அந்த ஈட்டையும் குறைக்கிறது என்பதே அவர்களின் அடுத்த ஆய்வு.

நோயாளிகளிடம் எடுத்த கணக்கும் இதோடு ஒத்துப்போகிறது. 2009-இல் வெளியான ஓர் ஆய்வு 125 குடும்பங்களிலிருந்து பார்வை இழந்த 196 பேரையும், பிறழ்வு இருந்தும் பார்வை போகாத 206 பேரையும் ஒப்பிட்டது. புகைத்த ஆண்களில் 93 சதவீதம் பேருக்குப் பார்வை போயிருந்தது. இது நோய் தெரிந்த குடும்பங்களில் எடுத்தது என்பதால் எண் சற்று உயர்த்திக் காட்டியிருக்கலாம். ஆனாலும் ஆண், பெண் வேறுபாட்டையும் குடியையும் கழித்துப் பார்த்த பிறகும் புகைக்கும் பார்வையிழப்புக்கும் உள்ள தொடர்பு அப்படியே நின்றது. குடியில் அப்படி இல்லை: மிக அதிகமாகக் குடிப்பவர்களிடம் மட்டும், அதுவும் உறுதியாக இல்லாமல் ஒரு போக்காகத்தான் தெரிந்தது.

ஆக, சிகரெட், பீடி, சுருட்டு, ஹூக்கா எதுவும் கூடாது. குறைத்துக்கொள்கிறேன் என்பது இதில் உதவாது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கண்டறியப்படவில்லை. பீடி சிறியதுதானே என்று நினைக்க வேண்டாம். அதன் இலை அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும், அதனால் கார்பன் மோனாக்சைடு கூடவே போகும். மின்சிகரெட்டும் வேண்டாம். புகையிலை மெல்வதில் எரிபுகை இல்லை என்றாலும், இந்த நோய்க்கு அது பாதிப்பில்லாதது என்று யாரும் காட்டியதில்லை. வாய்ப் புற்றுநோய்க்கு அதுவே வாசல். வீட்டில் அப்பா புகைப்பவராக இருந்தால் அவர் வெளியே போய்ப் புகைக்கட்டும் என்பதோடு நிறுத்தாமல், நிறுத்தவே சொல்லுங்கள். நிறுத்த உதவி வேண்டுபவர்கள் அரசின் இலவச எண் 1800-112-356-ஐ அழைக்கலாம். ஏற்கெனவே பழகிவிட்டவர் மருத்துவர் சொல்படி சில வாரம் நிகோடின் சூயிங்கம் மெல்வது, புகைத்துக்கொண்டே இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

சிகரெட் இல்லாத புகையும் புகைதான். காற்றோட்டம் இல்லாத அறையில் விறகடுப்பு, கரியடுப்பு, மூடிய அறைக்குள் ஓடும் ஜெனரேட்டர், ஜன்னல் இல்லாத குளியலறையில் கேஸ் கீசர் இவையெல்லாம் கார்பன் மோனாக்சைடைக் கக்கும். கீசரை வெளிச்சுவரில் மாட்டுவதும் குளியலறைக்கு வெளிக்காற்று விசிறி வைப்பதும் யாருடைய வீட்டுக்கும் நல்லது, உங்கள் வீட்டுக்குக் கட்டாயம். டயர் எரிந்த புகையில் மாட்டிய பிறகு பார்வை போன ஒருவரைப் பற்றிய மருத்துவக் குறிப்பும் உண்டு. தனி ஒருவரின் குறிப்பை வைத்துச் சட்டம் எழுத முடியாது, ஆனால் காரணம் பொருந்துகிறது. கரைப்பான்களும் இப்படித்தான். காலணிப் பசையில் இருக்கும் ஹெக்சேன் வகைக் கரைப்பானில் வேலை செய்த ஒரு பிறழ்வாளரைப் பற்றி 2007-இல் எழுதப்பட்டிருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் காலணித் தொழிலில் இருக்கும் குடும்பமாக இருந்தால், பிறழ்வு உள்ள பிள்ளையைப் பசை பூசும் மேசைக்கு அனுப்பாதீர்கள். பெயிண்ட், தின்னர், பிரிண்டிங் இங்க் வேலைகளுக்கும் இதே பேச்சு.

குடி. எப்போதோ ஒருமுறை குறைந்த அளவு குடித்தவருக்குப் பார்வை போகும் என்று காட்டும் ஆதாரம் இல்லை. ஒரே இரவில் அளவுக்கு மீறிக் குடிப்பதும், தினமும் குடிப்பதும்தான் கேடு. தினம் குடிப்பவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. பி1, ஃபோலேட் இரண்டும் சரிகின்றன. கூடவே புகையும் சேர்ந்துகொள்கிறது. உங்கள் வயதில் நான் சொல்வது, தொடாமலே இருந்துவிடுங்கள் என்பதுதான். முதல் சிகரெட் பெரும்பாலும் முதல் குடியோடு கையில் வருகிறது. கள்ளச்சாராயம் வேறு கணக்கு: மெத்தனால் உடம்பில் ஃபார்மிக் அமிலமாகி அதே நான்காம் கட்டத்தை அடைக்கிறது. பிறழ்வே இல்லாதவரின் பார்வை நரம்பையும் ஒரே நாளில் கொல்லும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்ததும் பலர் பார்வை மங்கி மருத்துவமனைக்கு வந்ததும் இதனால்தான்.

சாப்பாட்டுக்கு வருவோம். 1991 முதல் 1993 வரை கியூபாவில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குப் பார்வை நரம்பும் கைகால் நரம்பும் கெட்டன. சோவியத் உதவி நின்று உணவு குறைந்த காலம். ஃபோலேட்டும் மற்ற பி வைட்டமின்களும் குறைந்த உடம்பில் புகையிலையும் சேர்ந்து வேலை பார்த்தது. வீட்டில் காய்ச்சிய ரம்மில் இருந்த சிறிதளவு மெத்தனாலையும் சிலர் காரணமாகச் சொன்னார்கள். நோயாளிகளின் கண்ணைப் பார்த்தால் லீபர் போலவே இருந்தது, ஆனால் பெரும்பாலானோருக்கு லீபர் பிறழ்வு இல்லை. நாடு முழுக்க பி வைட்டமின் மாத்திரை கொடுத்த பிறகு நோய் தணிந்தது. பிறவிக் கோளாறு ஏதும் இல்லாத நரம்பையே சத்துக்குறைவும் நச்சும் சேர்ந்து இந்த இடத்துக்குக் கொண்டுவர முடியும் என்றால், முதல் கட்டம் தளர்ந்த நரம்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

நம் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது பி12. தாவர உணவில் அது கிடையாது. கீரை, பருப்பு, காய்கறி எவ்வளவு சாப்பிட்டாலும் வராது. ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 2 முதல் 2.5 மைக்ரோகிராம். 100 மில்லி பாலில் ஏறத்தாழ 0.4, ஒரு முட்டையில் 0.5 அளவு இருக்கும். சைவக் குடும்பத்தில் நாளுக்கு அரை லிட்டர் பால், தயிர் உள்ளே போனால்தான் கணக்கு எட்டும். இரண்டு காபியும் ஒரு கரண்டி மோரும் போதாது. மீன், முட்டை, ஈரல் சாப்பிடுபவர்களுக்குக் கவலை குறைவு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், நெஞ்செரிச்சலுக்கு ஆண்டுக்கணக்கில் ஒமிப்ரசோல், பான்டாப்ரசோல் சாப்பிடுபவர்களுக்கும் பி12 குறையும். ரத்தத்தில் ஒரு மில்லிக்கு 200 பிகோகிராமுக்குக் கீழ் இருந்தால் குறைபாடு. 200 முதல் 300 வரை என்றால் ஹோமோசிஸ்டீன் அல்லது மெத்தில்மலோனிக் அமிலம் (பி12 குறைந்தால் ரத்தத்தில் ஏறும் பொருள்கள்) பார்த்தால்தான் உண்மை தெரியும்.

குறைவு என்று வந்தால் எந்த வடிவ பி12 என்பதைக் கவனியுங்கள். சயனோகோபாலமின் மருந்துக் குறிப்பிலேயே லீபர் நோயாளிகளுக்கு எச்சரிக்கை இருக்கிறது: நோயின் தொடக்கத்தில் அதைப் பெற்றவர்களுக்குப் பார்வை நரம்பு வேகமாகச் சுருங்கியதாகப் பழைய குறிப்புகள் உண்டு. அதற்கு அந்த மருந்து எந்த அளவு காரணம் என்பது விவாதத்துக்குரியது, ஆனால் அதைத் தவிர்ப்பதில் ஒரு நஷ்டமும் இல்லை. மெத்தில்கோபாலமின் மாத்திரை எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்கிறது. ஊசி வேண்டும் என்றால் ஹைட்ராக்சோகோபாலமின் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், மல்டிவைட்டமின் மாத்திரைகள் பலவற்றில் பெட்டியின் முன்பக்கம் பி12 என்று மட்டும் இருக்கும், பின்பக்கப் பொடி எழுத்தில்தான் சயனோகோபாலமின் என்று எழுதியிருக்கும். படித்துவிட்டு வாங்குங்கள். இன்னொன்று, பி12 குறைவாக இருக்கும்போது ஃபோலிக் அமிலம் (மாத்திரையில் வரும் ஃபோலேட்) மட்டும் அதிகமாகக் கொடுத்தால் ரத்தசோகை சரியானதுபோல் தெரியும், நரம்புச் சேதம் உள்ளே தொடரும். இரண்டும் வேண்டும் என்றால் பி12-ஐத் தொடங்கிவிட்டு ஃபோலேட்.

பி1-க்கு வழி நம் சமையலறையிலேயே இருக்கிறது. நெல்லை அவித்துக் காயவைக்கும்போது தவிட்டிலிருக்கும் பி1-இல் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதனால் புழுங்கலரிசி, பாலிஷ் போட்ட பச்சரிசியைவிட மேல். சோற்றை வடித்துக் கஞ்சியைக் கொட்டினால் அதோடு கொஞ்சம் போய்விடும். பருப்பு, கம்பு, கேழ்வரகு, கடலை சேர்ந்தால் குறையே வராது. ஃபோலேட்டுக்கு முருங்கைக்கீரை, அரைக்கீரை, பாசிப்பயறு.

மரவள்ளிக்கிழங்கைப் பற்றிச் சேலம், நாமக்கல் பக்கத்தவர் கேட்பதுண்டு. அதில் இருக்கும் லினமரின் என்ற பொருளிலிருந்து சயனைடு வெளிப்படும். கசக்கும் ரகத்தில் அதிகம், இனிக்கும் ரகத்தில் குறைவு. தோலை முழுக்க உரித்து, துண்டு போட்டு, நிறைய தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் பெரும்பங்கு போய்விடும். எப்போதாவது சாப்பிடுவதில் பயமில்லை. அதையே தினசரி ஆகாரமாக்கி, பருப்பு, முட்டை, மீன் எதுவும் இல்லாமல் இருப்பதுதான் ஆபத்து. வந்த சயனைடை உடம்பு செயலிழக்கச் செய்யக் கந்தகம் வேண்டும், அது புரதத்திலிருந்துதான் வருகிறது.

பத்து நாளில் பத்து கிலோ குறைக்கும் உணவுத் திட்டங்கள், வாரக்கணக்கான உண்ணாநோன்பு, சரியான வைட்டமின் ஏற்பாடு இல்லாத எடைக்குறைப்பு அறுவை, இவை பிறழ்வாளர்களுக்கு ஏற்றதல்ல. கண்ணுக்கு நல்லது என்று துத்தநாக மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவதும் அப்படித்தான். நாளுக்கு 50 மி.கி. போல நெடுநாள் போனால் குடல் செம்பை எடுத்துக்கொள்ளாது. செம்புக் குறைவே பார்வை நரம்பைக் கெடுக்கும். கோஎன்சைம் க்யூ10 என்ற சத்து மாத்திரை சாப்பிட்டால் பாதுகாப்பு என்பதற்கும் பிறழ்வாளர்களிடம் நிரூபணம் இல்லை. குறைபாட்டைத் தீர்ப்பதில் பலன் உண்டு, மிகையால் பலன் இல்லை.

மருந்துகளில் நம் ஊருக்கு மிக முக்கியமானது காசநோய்க்கான எத்தாம்புட்டால். அது தானாகவே பார்வை நரம்பைக் கெடுக்கக்கூடியது. லீபர் பிறழ்வு இருந்தவர்களுக்கு அதன் பிறகு பார்வை போன குறிப்புகளும் உண்டு. அரசின் நான்குமருந்துக் கூட்டு மாத்திரை ஒவ்வொன்றிலும் 275 மி.கி. எத்தாம்புட்டால் இருக்கிறது. சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து என்பதால் சிறுநீரகம் மந்தமானால் உடம்பில் தேங்கும். ஆனால் தயவுசெய்து இதைத் தவறாகப் புரிந்துகொள்ளாதீர்கள். காசநோய் வந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. காசநோய் உயிரையே எடுக்கும். முதல் நாளே மருத்துவரிடம் பிறழ்வைச் சொல்லுங்கள், எத்தாம்புட்டால் இல்லாமல் திட்டத்தை மாற்றி அமைக்க அவரால் முடியும். மருந்து எதிர்ப்புக் காசநோய்க்குத் தரும் லினெசோலிட் இன்னொன்று. 28 நாளுக்கு மேல் போகும்போது பார்வை நரம்பைப் பாதிப்பது எல்லோரிடமும் தெரிந்த விஷயம். வேறு வழியில்லாமல் கொடுக்க வேண்டியிருந்தால் மாதாமாதம் பார்வையும் நிறமும் சோதிக்க வேண்டும். நீண்ட நாள் குளோரம்பெனிகால், எச்.ஐ.வி.க்கான சில பழைய மருந்துகள் ஆகியவையும் மைட்டோகாண்ட்ரியாவைத் தாக்குபவை. சட்டைப்பையில் ஒரு அட்டை வைத்துக்கொள்ளுங்கள்: 'லீபர் பார்வை நரம்பு நோய், 11778 பிறழ்வு. எத்தாம்புட்டால், நீண்டநாள் லினெசோலிட், சயனோகோபாலமின் தவிர்க்கவும்.' அறுவை சிகிச்சை என்றால் மயக்க மருந்து மருத்துவரிடமும் காட்டுங்கள். கண்ணில் ஸ்டீராய்டு சொட்டு நெடுநாள் போட்டால் கண் அழுத்தம் ஏறும், அதையும் தானாக வாங்கிப் போட வேண்டாம்.

தலையில் அடி, கடும் காய்ச்சல், மனச்சோர்வு இவற்றுக்குப் பிறகு வந்தது என்று பலர் சொல்வார்கள். ஒவ்வொருவராகப் பதிவான குறிப்புகள்தான் இருக்கின்றன. படிப்பையோ வேலையையோ மனஅழுத்தம் என்று சொல்லி விட்டுவிடாதீர்கள்.

வாரம் ஒருமுறை ஒரு நிமிடச் சோதனை செய்யுங்கள். ஒரு கண்ணை முழுக்க மூடி, சிவப்பு பாட்டில் மூடியை நேராகப் பாருங்கள். மறு கண்ணால் அதையே பாருங்கள். ஒன்றில் சிவப்பு வெளிறியோ பழுப்பாகவோ தெரிந்தால், அல்லது செய்தித்தாள் வரியின் நடுவில் எழுத்துகள் காணாமல் போனால், வலி இல்லை என்று காத்திருக்க வேண்டாம். இந்த நோயில் வலி இருக்காது. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் கெட்டதை மறைத்துவிடும், அதனால்தான் தனித்தனியாக. அடுத்த கண்ணும் பெரும்பாலும் சில வாரம், சில மாதத்தில் தொடரும். சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த் போன்ற, நரம்பியல் கண் பிரிவு உள்ள இடத்துக்குப் போய் முதல் வாக்கியமாகப் பிறழ்வைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் நரம்பு அழற்சி என்று எண்ணி ஸ்டீராய்டு ஏற்றுவதிலேயே நாள் போகும்.

உங்கள் அண்ணனுக்குப் பார்வை போய் ஓராண்டு ஆகவில்லை என்றால் இந்த நோய்க்கான இடிபெனோன் மாத்திரை பற்றி மருத்துவரிடம் இன்றே கேளுங்கள். ஐரோப்பாவில் 2015-இல் அனுமதி பெற்றது, 300 மி.கி. வீதம் மூன்று வேளை, சாப்பாட்டோடு. சிறுநீர் செம்பழுப்பாக மாறினால் பயப்பட வேண்டாம். எல்லோருக்கும் பார்வை திரும்புவதில்லை, 11778-இல் திரும்புவோர் குறைவு. ஆனாலும் தொடங்கும் நேரம் முக்கியம். அவர் புகைப்பவர் என்றால் இப்போது நிறுத்துவதும் வீண் அல்ல. அதே நேரம் 'நீ சிகரெட் பிடித்ததால்தான்' என்று வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. ஒரு நாளும் புகைக்காத, ஒரு சொட்டும் குடிக்காத, நன்றாகச் சாப்பிட்ட பிள்ளைகளுக்கும் இந்த நோய் வந்திருக்கிறது.

கடைசியாக உறவுமுறைக் கணக்கு. உங்கள் தாய்மாமாவின் பிள்ளைகளுக்கு இது போகாது. அண்ணனின் பிள்ளைகளுக்கும், நீங்கள் ஆண் என்றால் உங்கள் பிள்ளைகளுக்கும் போகாது. உங்கள் அக்கா, தங்கைகளுக்கும், அம்மாவின் உடன்பிறந்த பெரியம்மா, சித்தி வீட்டுப் பிள்ளைகளுக்கும் இருக்கும். அந்த வீடுகளில் பதின்வயதில் பையன்கள் இருந்தால், அவர்கள் கல்லூரி வாசல் பெட்டிக்கடைக்குப் போகும் முன் இந்தச் செய்தி அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த வாரமே போன் போடுங்கள்.